சந்தேகம் வந்துவிட்டால் சபையில் இடம் இல்லையா?

ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்கிறார்கள். பேராக் மாநிலத்தின் ஒரு சிறு பட்டணத்தில் உள்ள அந்த ஆலயத்தில், மூன்றாவது வரிசையில் நிற்கும் ஒருவர் மட்டும் கடைசிப் பகுதி வரும்போது வாயை மூடிக்கொள்கிறார். இறந்தோர் உயிர்த்தெழுவதைப் பற்றிய வரி அது.

அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி அதே தோட்டத்தின் ஆயாக் கொட்டகையில் பால்மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். சிறுநீரகம் பழுதாகி, பல ஆண்டுகள் டயாலிசிஸ் செய்து, கடந்த ஆண்டு இறந்துபோனார்.

“அந்த வரி வாயில வரல, தம்பி. சொன்னா பொய் சொல்ற மாதிரி இருக்கு. சொல்லாம நின்னா கர்த்தருக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு,” என்றார். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். திருவிருந்து எடுத்து ஏழு மாதமாகிறது. முழங்கால் வலியால் அப்பா முன்னே போவதில்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் வாரத்தில் மூன்று நாள், பொழுது விடியும் முன்பே அவருடைய பழைய கஞ்சில் கார் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறது. பக்கத்துத் தாமானில் உள்ள இரண்டு நோயாளிகளை ஏற்றிக்கொண்டு டயாலிசிஸ் மையத்துக்குப் போகிறது. ஒருவர் இந்து, இன்னொருவர் மலாய்க்கார மக்சிக். மனைவியை அழைத்துப் போன அதே பாதை. எண்ணெய்க் காசு வாங்குவதில்லை.

“கடவுள் மேல சந்தேகம், மனுசங்க மேல மட்டும் அன்பு. இப்படி இருக்கிறவன் கிறிஸ்தவனா, இல்லையா?” என்பதுதான் அவருடைய கேள்வி. இதே கேள்வி பலருக்கும் இருக்கும். கல்லூரிக்குப் போய் அறிவியலும் வரலாறும் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இருக்கும். கைக்குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கு இருக்கும். வீட்டில் வாய் திறந்தால் ‘விசுவாசம் குறைந்துவிட்டது’ என்று திட்டு விழும் என்பதால் உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்கிறார்கள்.

வேதாகமத்திலேயே இருக்கும் கேள்விகள்

சந்தேகம் என்றாலே அது வெளியிலிருந்து வந்த கிருமி என்று பலர் எண்ணுகிறார்கள். வேதாகமத்தைத் திறந்தால் வேறு காட்சிதான் தெரிகிறது.

யோபுவின் கதை நமக்குத் தெரியும். பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்தவர். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள், ‘நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும்’ என்று கடவுளுக்காக வாதாடினார்கள். யோபு தன் நியாயத்தைக் கேட்டுக் கடவுளிடமே வழக்காடினார். நூலின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களிடம்தான். யோபு பேசியதே சரி என்கிறார். துக்க வீட்டில் நாம் அவசரப்பட்டுச் சொல்லும் ஆறுதல் வார்த்தைகளை ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வைக்கும் இடம் இது.

மாற்கு நற்செய்தியில், நோயுற்ற மகனைக் கொண்டுவந்த ஒரு தகப்பன், தான் நம்புவதாகவும் தன் நம்பிக்கையின்மைக்கு உதவ வேண்டும் என்றும் ஒரே மூச்சில் கேட்கிறார். அவரை இயேசு திருப்பி அனுப்பவில்லை. சிலுவையில் தொங்கிய இயேசுவே, கடவுள் தன்னைக் கைவிட்டது ஏன் என்று கதறுகிறார். சங்கீதங்களில் பல, புகழ்ச்சிப் பாட்டுகள் இல்லை, முறையீடுகள்.

தோமாவைச் சொல்லவே வேண்டாம். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர் அவர். தமிழ் மண்ணுக்கு நற்செய்தியைக் கொண்டுவந்தவர் அவர்தான் என்பது மரபு. சென்னையில் அவர் இரத்தம் சிந்திய இடம் என்று வணங்கப்படும் பரங்கிமலை இன்றும் அவர் பெயரில் நிற்கிறது. அதாவது, தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் மூத்த முன்னோடியாகப் போற்றுவது, சந்தேகப்பட்ட சீடரைத்தான்.

தங்கக் காசு எங்கே போனது?

சந்தேகத்தோடு கிறிஸ்தவராகவே வாழ்ந்து, மனிதருக்கு உழைத்தவர் ஒருவரின் வாழ்க்கையை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஆல்பர்ட் சுவைட்சர் 1875 ஜனவரி 14 அன்று, அப்போது ஜெர்மனியின் கையில் இருந்த அல்சாஸ் பகுதியில் பிறந்தார். இன்று அது பிரான்சில் உள்ளது. தந்தை லூத்தரன் போதகர். அவர்கள் வாழ்ந்த குன்ஸ்பாக் கிராமத்தில் புரோட்டஸ்டண்டுகளும் கத்தோலிக்கர்களும் ஒரே ஆலயக் கட்டடத்தை மாறி மாறிப் பயன்படுத்தினார்கள்.

சுமார் எட்டு வயதில் தந்தையிடம் புதிய ஏற்பாட்டை வாங்கிப் படித்த சிறுவனுக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. ஞானிகள் குழந்தை இயேசுவுக்குப் பொன்னும் விலையுயர்ந்த பொருள்களும் கொடுத்தார்களே, பிறகும் யோசேப்பும் மரியாளும் ஏழைகளாக இருந்தது எப்படி? அந்த ஞானிகள் பிறகு ஒருமுறைகூட அந்தக் குழந்தையை வந்து பார்க்காதது ஏன்? இன்னொன்றும் அவனை உறுத்தியது. இரவு ஜெபத்தில் மனிதருக்காக மட்டும் வேண்டுவது ஏன்? அம்மா முத்தம் கொடுத்துப் போன பிறகு, எல்லா உயிர்களுக்காகவும் தானே ஒரு ஜெபம் சேர்த்துக்கொள்வானாம்.

வாலிபத்தில் திடப்படுத்தல் வகுப்புக்குப் போனபோது, நம்பிக்கையின் முன் கேள்விகள் அடங்கிப்போக வேண்டும் என்று போதகர் கற்பித்தார். பகுத்தறிவுக்கும் அங்கே இடம் உண்டு என்று சுவைட்சர் மனதுக்குள் எண்ணினார், வெளியே சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்த போதகர், ‘பையனுக்கு இதில் அக்கறை இல்லை’ என்று உறவினரிடம் சொல்லிவிட்டார். உண்மையில் அந்த நாள்களில் அவர் உள்ளம் நெகிழ்ந்து போயிருந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். அமைதியாக நிற்பவர்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

நம்ப முடிந்ததை மட்டும் நம்பியவர்

தத்துவம், இறையியல் இரண்டிலும் பட்டம் பெற்று, ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உதவிப் போதகராகவும் பல்கலைக்கழக விரிவுரையாளராகவும் ஆனார் சுவைட்சர். 1906-ல் வரலாற்று இயேசுவைப் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டார். கடவுளின் அரசு தன் காலத்திலேயே வந்துவிடும் என்று இயேசு எதிர்பார்த்தார், அது அவர் எதிர்பார்த்தபடி வரவில்லை என்பது அந்நூல் வந்து சேர்ந்த முடிவு. ஒரு போதகரின் பேனாவிலிருந்து இப்படி வந்தால் சபை என்ன சொல்லும்!

ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. இயேசு யார் என்பதை ஆராய்ச்சி முழுமையாகச் சொல்லிவிட முடியாது. அவர் காட்டிய வழியில் உழைக்கிறவர்களுக்கே அது தெரியவரும் என்று நூலை முடித்தார். வார்த்தைக்கு வார்த்தை ஒப்புக்கொள்வதைவிட, பின்பற்றி நடப்பதே விசுவாசத்தின் அடித்தளம் என்பது அவருடைய துணிபு.

அப்படியே நடக்கவும் செய்தார். 21 வயதிலேயே ஒரு முடிவு எடுத்திருந்தார்: 30 வயது வரை படிப்புக்கும் இசைக்கும், அதன்பின் மனிதருக்கு நேரடித் தொண்டுக்கு. 1904-ல் பாரிஸ் மிஷன் சங்கத்தின் இதழில், ஆப்பிரிக்காவின் காபோன் பகுதிக்கு ஆள் தேவை என்ற கட்டுரை கண்ணில் பட்டது. மறு ஆண்டு, பேர் பெற்ற விரிவுரையாளரும் ஆர்கன் இசைக் கலைஞருமான அவர், மாணவராக மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

மருத்துவர் ஆன பிறகும் சங்கம் அவரை ஏற்கத் தயங்கியது. அவருடைய விசுவாசம் சரியானதுதானா என்று குழுவாக உட்கார்ந்து விசாரிக்க விரும்பினார்கள். சுவைட்சர் அந்த விசாரணைக்கு உடன்படவில்லை; குழு உறுப்பினர்களைத் தனித்தனியாக வீட்டில் போய்ப் பார்த்துப் பேசினார். கடைசியில், மருத்துவம் மட்டும் செய்வேன், பிரசங்கம் செய்யமாட்டேன் என்ற வாக்குறுதியின் பேரில் அனுமதி கிடைத்தது. 1913-ல் மனைவி ஹெலீனுடன் ஒகோவே ஆற்றங்கரையில் உள்ள லம்பரேனேவுக்குப் போய்ச் சேர்ந்தார். முதலில் ஒரு கோழிக் கொட்டகைதான் அவருக்கு மருத்துவமனை. பக்கத்தில் இருந்து அவர் வேலையைப் பார்த்த மிஷனரிகள், சில மாதங்களிலேயே பிரசங்கம் செய்யவும் அவரை அழைத்துவிட்டார்கள்.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. ஆப்பிரிக்கர்களைத் தம்பிகளாகவும் தன்னை அண்ணனாகவும் வைத்துப் பார்த்தார், மருத்துவமனையின் முடிவுகளை வெள்ளையர் கையிலேயே வைத்திருந்தார் என்ற விமர்சனம் இன்றும் உண்டு, அது நியாயமானதும்கூட. ஆயினும் 1965-ல் அதே ஊரில் இறக்கும் வரை, போர்க்காலத்தில் அடைபட்டும் ஐரோப்பாவில் தங்கியும் இருந்த ஆண்டுகள் போக, அந்த மருத்துவமனைக்காகவே வாழ்ந்தார். 1952-ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசுத் தொகையைத் தொழுநோயாளிகளின் குடியிருப்புக்குச் செலவிட்டார்.

குறளிடம் வந்து சேர்ந்த வழி

1915 செப்டம்பரில், ஒரு நோயாளியைப் பார்க்க ஆற்றில் நெடும்பயணம் போனபோது, நீர்யானைகள் நடுவே படகு நகர்ந்த ஒரு மாலை வேளையில், ‘உயிரைப் போற்றுதல்’ என்ற எண்ணம் அவருக்குப் பிடிபட்டது. நானும் வாழ விரும்பும் உயிர், என்னைச் சுற்றி இருப்பவையும் வாழ விரும்பும் உயிர்கள். அந்த வாழ்வைக் காப்பதே நன்மை, சிதைப்பதே தீமை. இதைக் கிறிஸ்தவரும் ஏற்கலாம், வேறு சமயத்தவரும் ஏற்கலாம், எந்தச் சமயமும் இல்லாதவரும் ஏற்கலாம்.

இந்த எண்ணமே அவரைத் தமிழிடமும் கொண்டுவந்து சேர்த்தது. இந்தியச் சிந்தனை பற்றிய அவருடைய நூல் 1936-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. உலகத்தைத் துறப்பதைப் போற்றும் போக்கை அதில் அவர் விமர்சிக்கிறார். ஆனால் திருக்குறளுக்கு வரும்போது மனம் திறந்து பாராட்டுகிறார். வாழ்க்கையை ஏற்று, செயலில் காட்டும் அன்பை அறமாகச் சொல்லும் நூல் என்று அதை மதிக்கிறார். அதற்கு முன்பே, 1856-ல், லீப்சிக் மிஷனின் இயக்குநராக இருந்த கார்ல் கிரவுல் குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்திருந்தார். கடவுளைப் பற்றிய கருத்து எதுவாக இருந்தாலும், அன்பும் அருளும் மனிதருக்கு அடிப்படை என்று கற்றுத்தந்த நூலோடு வளர்ந்தவர்கள் நாம். மனிதநேயம் நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை.

மனிதநேயம் என்பதற்கும் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, கிறிஸ்தவத்துக்குள்ளேயே வளர்ந்தது. 1516-ல் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தை ஆய்ந்து அச்சில் வெளியிட்ட இராஸ்மஸ் அந்த மரபைச் சேர்ந்த அறிஞர். மனிதன் கடவுளின் சாயல் என்பதால் மதிப்புக்குரியவன் என்பது அதன் பார்வை. இன்னொன்று, கடவுள் இல்லாமலேயே மனிதன் நல்லவனாக வாழ முடியும் என்பது; 1952-ல் ஆம்ஸ்டர்டாமில் உலகளாவிய மனிதநேய அமைப்பாகத் திரண்டது அதுதான். நம் சமூகத்துக்கு இந்த இரண்டாவது குரலும் பழக்கமானதே. 1929-ல் பெரியார் மலாயா வந்ததிலிருந்து, கடவுளைக் கேள்வி கேட்டவர்களும் கோவிலுக்கும் சர்ச்சுக்கும் போனவர்களும் ஒரே தோட்டத்தில்தான் வாழ்ந்தார்கள். துக்கம் என்று வந்தபோது சேர்ந்தே தோள் கொடுத்தார்கள்.

இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. நீதியும் உயிரும் எங்கிருந்து வருகின்றன என்பதில் வேறுபாடு உண்டு. ஆனால் நோயாளியைக் காரில் ஏற்றும் கைக்கு அந்த வேறுபாடு தடையாக இருக்க வேண்டியதில்லை.

எந்தச் சந்தேகம் என்று பிரித்துப் பார்க்கலாம்

எல்லாச் சந்தேகமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எது நம்மை வாட்டுகிறது என்று பிரித்துப் பார்த்தால், என்ன செய்யலாம் என்பதும் தெளிவாகும்.

முதலாவது, அறிவில் எழும் சந்தேகம். படைப்பு, அற்புதங்கள், வேதாகம வரலாறு பற்றிய கேள்விகள். இதற்கு மருந்து படிப்பு. வேதாகமத்தில் கவிதை எது, உவமை எது, வரலாறு எது என்று சபைகளின் இறையியல் கல்லூரிகளிலேயே கற்பிக்கிறார்கள். பிள்ளை கேள்வி கேட்டால் வாயை அடைப்பதைவிட, சேர்ந்து தேடுவது நல்லது. சுவைட்சரும் பின்னாளில் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தபோது, பகுத்தறிவோடு மோதாத வகையில் அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தார். பிற்காலத்தில் சந்தேகம் வந்தபோது அதுவே தங்களைத் தாங்கியது என்று மாணவர்கள் சிலர் அவருக்கு நன்றி சொன்னார்கள்.

இரண்டாவது, துக்கத்தில் எழும் சந்தேகம். இதற்கு வாதம் உதவாது. காலமும் கூட உட்கார ஒரு மனிதரும் வேண்டும். அன்னை தெரேசாவின் வாழ்க்கை இங்கே நினைவுக்கு வரும். அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து, 2007-ல் அவருடைய கடிதங்கள் நூலாக வந்தன. கொல்கத்தாவின் ஏழைகளிடையே வேலையைத் தொடங்கிய காலத்திலிருந்து, சிறு இடைவெளி தவிர ஏறத்தாழ 50 ஆண்டுகள், ஜெபத்தில் கடவுளின் அருகாமையை அவர் உணரவே இல்லை என்று அவை காட்டின. 1979-ல் நோபல் பரிசு வாங்கிய ஆண்டிலும் அப்படித்தான். அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படி அவரே கேட்டிருந்தார். திருச்சபை அவற்றை மறைக்கவில்லை. 2016-ல் அவரைப் புனிதராகவும் அறிவித்தது. உணர்வு வற்றிப்போனதும் விசுவாசம் இறந்துபோனதும் ஒன்றல்ல என்று ஏசுசபைக் குரு ஒருவர் அவருக்கு எடுத்துச் சொன்னது பெரிய ஆறுதலாக இருந்தது. தூக்கமும் பசியும் போய், வாழவே பிடிக்காத நிலை வந்தால், அது சந்தேகத்தைத் தாண்டிய நோயாக இருக்கலாம். மருத்துவரிடம் போவது விசுவாசக் குறைவு ஆகாது.

மூன்றாவது, சபையாரின் நடத்தையால் வரும் சந்தேகம். சாதி பார்ப்பது, பதவிச் சண்டை, பணக் கணக்கு. இது பெரும்பாலும் கடவுள் மேல் வருவதில்லை. மனிதர் மேல் வந்த ஏமாற்றம். சரிசெய்ய வேண்டியது கேள்வி கேட்டவரை அன்று, அந்த நடத்தையை.

இத்தனைக்கும் பிறகு சிலர் விலகிப் போகலாம். அதுவும் நேர்மையான முடிவாக இருக்க முடியும். அப்படிப் போகிற பிள்ளையைக் கிறிஸ்துமஸ் சாப்பாட்டு மேசையிலிருந்தும் விலக்கிவிடாமல் இருப்பது குடும்பத்தின் பொறுப்பு.

‘நான்’ என்று தொடங்காத பிரமாணம்

கிராணி ஐயாவிடம் மறுபடி போனபோது, சுவைட்சரைப் பற்றிச் சொன்னேன். கூடவே இன்னொரு செய்தியும். நம் ஆலயங்களில் அதிகம் சொல்லப்படும் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம் ‘நான்’ என்று ஒருமையில் இருக்கிறது. ஆனால் 325-ல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் வகுத்த பிரமாணத்தின் கிரேக்க மூலம் ‘நாங்கள்’ என்று பன்மையில் தொடங்குகிறது. அது ஒரு தனி மனிதரின் உள்ளத்துக்கு வைத்த தேர்வு இல்லை. ஒரு கூட்டம் சேர்ந்து எடுத்துச் சொல்வது. ஒருவருக்குக் குரல் அடைத்த நாளில் பக்கத்தில் நிற்பவர் அதைச் சொல்லலாம். அவருக்கு அடைக்கும் நாளில் இவர் சொல்லலாம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவ இருந்தப்போ, நான் சர்ச்சுக்கு வராத நாள்ல எனக்கும் சேர்த்து அவதான் ஜெபம் பண்ணுவா,” என்றார்.

போதகரிடம் பேசப் போகிறாரா என்று கேட்டேன். “பார்க்கலாம், தம்பி. அவர் சின்னப் பையன். பயந்துடுவாரோ என்னவோ,” என்று சிரித்தார். மகளிடம் முதலில் சொல்லப் போவதாகச் சொன்னார், முழங்கால் வலி இல்லை என்பதை. திருவிருந்துக்கு எப்போது போவார் என்பது அவருக்கே தெரியவில்லை. அவசரமும் இல்லை என்றார்.

கிளம்பும்போது கஞ்சிலின் பின் இருக்கையில் ஒரு சிறு தலையணை கிடந்தது. ஊசி குத்திய கையை வைத்துக்கொள்ள மக்சிக்குக்கு வசதியாக இருக்கும் என்று போட்டிருக்கிறாராம். அது அவர் மனைவி தைத்தது.